பேஸ் இல்லாத பாட்டு

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் செய்த ஒரு கெட்ட காரியம். முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பிறகு ஒளித்துவைக்கத் தோன்றாது என்பதால் சொல்லிவிட்டேன். மற்றபடி, எங்கே தொடங்குவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

“ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பஸ்ஸில் அரைமணி நேரம்தான், ஆனால் இரண்டு மனிதர்களுக்கு இடையே—” இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

“ராக் இசை என்பது கலகத்தின்—” கட்டுரை. வேண்டாம்.

“உக்கிரபாண்டி என்றொருவர் இருந்தார்.” இருந்தார் என்றால் செத்துப்போனதாக நினைத்துவிடுவீர்கள். அவர் ராஜபாளையத்தில், பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில், மனைவி காளீஸ்வரியோடு இருக்கிறார்.

ஆகவே என்னிலிருந்து தொடங்குகிறேன். பெயர் பேச்சிமுத்து. வயது நாற்பத்தேழு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் எழுதுகிறேன். வீட்டில் நான் மட்டும்தான். கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் படித்தபோது அறைத்தோழன் விட்டுப்போன எட்டு கேசட்டுகளிலிருந்து எனக்கு ராக் பைத்தியம் பிடித்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு அதைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைக்கவில்லை. ஆடிப்பூரத் தேரன்று ரத வீதிக் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு காதில் ஹென்ட்ரிக்ஸின் கிடாரைக் கேட்டிருக்கிறேன். அத்தனை பேருக்கு நடுவில் அப்படி நிற்கும்போது—

(நிறுத்துகிறேன். மேலே எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வந்துவிடும். இப்போது வரக் கூடாது.)

2

ஆறு வருடங்களுக்கு முன் ‘கம்பியும் தோலும்’ என்ற டெலிகிராம் குழுவில் சேர்ந்தேன். இருநூறு சொச்சம் பேர். சென்னை, துபாய், டொராண்டோ என்று எங்கெங்கோ இருக்கும் தமிழர்கள். நான் அங்கே ‘ஒத்தக்கம்பி’. சொந்தப் பெயரில் எழுதியதே இல்லை.

ஒவ்வொரு டிசம்பரிலும் அங்கே ஒரு சண்டை நடக்கும். ராக் கலைஞர்களில் யார் ஐகான், யார் இன்ஸ்பிரேஷன்? பாதிப் பேர் ஃப்ரெடி மெர்குரி என்பார்கள், இளவட்டங்கள் கோபேன் என்பார்கள், நான் முன்னால் நின்று மெட்டு வாசிக்கும் லீட் கிடார்க்காரர்களை விட்டு இறங்க மாட்டேன். ‘ஆர்.ஜே.பி.எம். பாண்டி’ என்ற பெயரில் ஒருவர் மட்டும் வருடா வருடம் பேஸ் என்ற, பாட்டுக்கு அடியில் ஓடும் தடித்த கம்பிக் கிடாரை வாசிப்பவர்களின் பட்டியலைக் கொண்டுவருவார் (இவர்தான் உக்கிரபாண்டி; ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் இருப்பதாகவும், முன்பு கச்சேரிகளில் பேஸ் வாசித்ததாகவும் எழுதியிருக்கிறார்). அவருக்குப் பதில் சொல்வதே என் வேலையாக இருந்தது.

“ஐகான்னா செவுத்துல படமா ஒட்டுற ஆளு. இன்ஸ்பிரேஷன்னா ஒன்னைய எந்திரிச்சு வேலைக்குப் போக வைக்கிற ஆளு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதே” என்று ஒருமுறை எழுதினார்.

“பேஸ் யாருக்கும் கேக்கவே கேக்காது பாண்டி” என்று எழுதினேன்.

“கேக்காது. எடுத்துட்டாத் தெரியும்.”

லீட் வாசிப்பவர்களில் அவர் ஒத்துக்கொண்டது டோனி இயோமியை மட்டும். “தகர ஃபேக்டரி மிஷின்ல வெரல் நுனியக் குடுத்துட்டு, பிளாஸ்டிக்க உருக்கித் தொப்பி மாட்டிக்கிட்டு வாசிச்ச மனுசன். எங்க ஆளு.” அவர் மில்லில் வேலை பார்க்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

* நான் காலையில் கண் விழித்ததும் முதலில் தேடியது அவருடைய பதிலைத்தான். இதைக் கதைக்குள் எங்கே வைப்பது என்று தெரியாததால் இங்கே வைக்கிறேன்.

3

இனி அந்தக் காரியம்.

போன டிசம்பரில் அவர் என்னை வாதத்தில் மடக்கிவிட்டார். எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்தார்கள். எனக்கு எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை குரல் அரட்டைக்கு அவர் ஒருநாளும் வருவதில்லை, தட்டச்சு மட்டும்தான். இவர் உண்மையிலேயே பாட்டைக் கேட்கிறாரா, எங்காவது படித்துவிட்டுப் பேசுகிறாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. [இல்லை. சந்தேகம் என்பது பின்னால் நான் கண்டுபிடித்த சாக்கு. எனக்கு அவரை அவமானப்படுத்த வேண்டும் போலிருந்தது.]

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் போட்டு அதிலிருந்து பேஸை மட்டும் உருவி எறிந்தேன். “புது ரீமாஸ்டர், பழசத் தேச்சு மறுபடி விட்டிருக்காங்க. பாண்டி, பேஸ் எப்படி இருக்கு?” என்று குழுவில் போட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் பன்னிரண்டு வரி எழுதினார். இரண்டாம் சரணத்தில் பேஸ் எப்படிக் கீழே இறங்குகிறது, டிரம்மை எங்கே கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது என்றெல்லாம். அழகாக எழுதியிருந்தார்.

நான் எழுதினேன்: “அதுல பேஸே கெடையாது. நான் எடுத்துட்டேன். காது செவிடா ஓய் உமக்கு?”

நாற்பத்தோரு சிரிப்பு முகங்கள் வந்தன. எண்ணினேன்.

அவர் “சரிதான்” என்று ஒரு சொல் எழுதினார். குழுவை விட்டு வெளியேறினார்.

4

அதன் பிறகு குழுவில் யார் என்ன எழுதினாலும் எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை. ஜெயித்த மறுநாளே பேச்சுத்துணை போய்விட்டது. அவருடைய எண்ணைக் குழு நிர்வாகியிடம் வாங்கிப் பதினொரு நாள் அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன். பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி, முன்பு கச்சேரிகளில் பேஸ் வாசித்த பாண்டி வீடு எது என்று ஒரு டயர் கடையில் கேட்டேன். காட்டினார்கள்.

காளீஸ்வரி கதவைத் திறந்தார். கிடார் குழுவிலிருந்து வருகிறேன் என்றேன்.

“உள்ள வாங்கண்ணே. ஒரு விசயம், போன்ல எழுதித்தான் காட்டணும். அவியளுக்குக் காது கேக்காது.”

“எப்பருந்து?”

“மூணு வருசமா சுத்தமாக் கேக்கல. அதுக்கு முன்னாடியே கொறஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஸ்பின்னிங்ல இருபத்தாறு வருசம் நின்னாகல்ல. காதுக்கு மிஷின் மாட்டிப் பாத்தாச்சு, இரைச்சல்தான் வருதுங்காக. அந்த குரூப்புல எழுதுறது ஒண்ணுதான் அவியளுக்குப் பொழுதா இருந்துச்சு. இப்ப அதையும் விட்டுட்டாக.”

நான் வாசலிலேயே நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் கால் நினைத்தது. அதற்குள் பாண்டி வெளியே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் கண்ணாடி. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

காளீஸ்வரி போனில் தட்டிக் காட்டியதைப் படித்தார். “குரூப்பா? என்ன பேருல எழுதுவீங்க?” குரல் அந்த அறைக்கு மிகவும் பெரியதாக இருந்தது.

நான் என் போனில் தட்டிக் காட்டினேன்: “நான் எழுதுறதில்ல. சும்மா படிக்கிறதோட சரி.”

பத்திரம் எழுதுகிறவன். எழுத்தில் நான் சொன்ன இரண்டாவது பொய் இது; முதலாவது, ‘புது ரீமாஸ்டர்’.

“அப்ப அந்தக் கூத்தையும் படிச்சிருப்பீங்க” என்று சிரித்தார். “ஒத்தக்கம்பி எப்படி இருக்காரு? இந்தப் பக்கத்து ஆளுதான்னு நெனைக்கேன், எழுத்துல தெரியும். அம்புட்டு பேருல எங்கூட ஒழுங்காச் சண்டை போட்டது அவரு ஒருத்தருதான்.”

“உங்களுக்கு அவர்மேல் கோபம் இல்லையா?” என்று தட்டினேன்.

“அவருக்குத் தெரியாதுல்ல. தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருக்க மாட்டாரு.” தன் விரல்களைப் பார்த்தார். “நான் பொய் சொல்லலண்ணே. பாட்டுப் பேரப் பாத்தாப் போதும், மண்டைக்குள்ள முழுசா ஓடும். கிடாரு, டிரம்மு, எல்லாம். அதுல பேஸ் இருந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. அதத்தான் எழுதுனேன்.”

நான் தலையசைத்தேன்.

“ஆனா ஒண்ணு. அவரு அப்படிச் சொன்னதுலருந்து அந்தப் பாட்டு பேஸ் இல்லாமத்தான் ஓடுது. எம்புட்டோ முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். திரும்பி வரமாட்டேங்கு. மத்த பாட்டுலயும் ஒவ்வொண்ணாப் போயிருமோன்னு பயம். அதான் அந்தப் பக்கமே போறதில்ல.”

காளீஸ்வரி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை. வேலை இருக்கிறது என்று தட்டிக் காட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

5

இங்கே கதையை முடிக்க வேண்டும். இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: பஸ் நிறுத்தம் வரை போனவன் திரும்பி வந்து, “ஒத்தக்கம்பி நான்தான்” என்று தட்டிக் காட்டுகிறான். பாண்டி படித்துவிட்டு, “அப்ப ஒக்காரும் ஓய், பாக்கிச் சண்டையப் போட்டு முடிப்போம்” என்கிறார். இதை எழுதும்போது எனக்குக் கண் நிறைந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். இது எனக்கு வேண்டிய முடிவு. அவருக்கு வேண்டியது இதுதானா என்று தெரியாது.

இரண்டு: அவன் திரும்பிப் போகவே இல்லை. கதை எழுதிப் பேர் வாங்குகிறான். இது நடக்கக்கூடியது. ஆறு வாரம் அப்படித்தான் நடந்தது.

அந்த ஆறு வாரமும் இதை எழுதிக்கொண்டிருந்தேன். உக்கிரபாண்டியைக் கொஞ்சம் கோபக்காரராக மாற்றிப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருக்கும், கதைக்கும் நல்லது. ஆனால் ‘தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருக்க மாட்டாரு’ என்ற வரிக்கு மேல் அவர் வாயில் எதை வைத்தாலும் ஒட்டவில்லை.

தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? தெரிந்திருந்தால்—

இந்த வரியை என்னால் முடிக்க முடியவில்லை.

6

மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் அச்செடுத்துக்கொண்டு நேற்றுக் காலை பஸ் ஏறினேன். அவரிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ‘ஒத்தக்கம்பி’ என்ற பெயரின்மேல் விரலை வைத்துவிட்டு மேலே படித்தார், இயோமி வருமிடத்தில் தலையை ஆட்டினார். மூன்றாம் பகுதியில் நின்றுவிட்டார். மறுபடி மேலிருந்து படித்தார். அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்துக் காளீஸ்வரியிடம் நீட்டினார். அவர் நின்றபடியே படித்து முடித்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பாண்டி மிச்சத்தையும் கடைசி வரை படித்தார். தாள்களைத் தட்டி அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார். மனைவியிடம்தான் சொன்னார்.

“அவருக்கு டீ போடு.”

இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் பகையாளிக்கும் டீ உண்டு. குடித்து முடித்ததும் போய்விட வேண்டியதுதான் என்று சொல்லும் டீயும் உண்டு, இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று சொல்லும் டீயும் உண்டு. இது எது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். அவர் முகத்தை எழுதிக் காட்டினால் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. உங்களுக்குத் தோன்றுவதை வைத்து முடித்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் அவசரப்பட்டு என்னை மன்னித்துவிட மட்டும் வேண்டாம்.

காளீஸ்வரி உள்ளே போனார். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தமும், பாத்திரத்தில் பால் விழும் சத்தமும், டம்ளர்களை எடுத்து வைக்கும் சத்தமும் ஒவ்வொன்றாகக் கேட்டன. அந்த அறையில் அவை கேட்டது எனக்கு மட்டும்தான்.