செம்பைப் பிடித்த பெண்

புருஷன் சின்னதுரை எறிந்த செம்பு கலியம்மாளின் முகத்துக்கு வந்து சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோற்றில் ஒரு கல் கடிபட்டது, அவ்வளவுதான் காரணம். வழக்கம்போலக் கலியம்மாள் கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். தண்ணீர் மட்டும் மேலே தெறித்தது. கண்ணைத் திறந்தபோது மகள் சுந்தராம்பாள் குறுக்கே நின்றுகொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண். செம்பு அவளுடைய இரண்டு கைகளுக்குள் இருந்தது.

யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. அவளே திகைத்துப்போய்ச் செம்பைப் பார்த்தாள். பிறகு அதைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள்.

சின்னதுரை கத்தவில்லை. கலியம்மாளுக்கு அதுதான் பயமாக இருந்தது. கையைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாளையிலேருந்து பள்ளிக்கூடம் வாணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு முந்திரித் தோப்புக்குப் போய்விட்டார்.

ஜெயங்கொண்டத்தை ஒட்டிய அந்த ஊரில் அவருக்கு நல்ல பெயர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், ஊர் வழக்கென்றால் நியாயமாகப் பேசுவார். வீட்டுக்குள் கைக்கு எட்டியதெல்லாம் பறக்கும் என்பது தெருவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை. பல வீடுகளில் பறந்துகொண்டுதான் இருந்தது.

எல்லாம் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. அந்த வருஷம் புதிதாக வந்த விளையாட்டு டீச்சர் ராசாத்தி, பெண்களுக்கு சாஃப்ட்பால் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். பெயரில்தான் மெது, அந்தப் பந்தைக் கையில் வாங்கினால் உரித்த தேங்காயை வாங்குவதுபோல இருக்கும். பிள்ளைகள் அலறிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்கள். டீச்சர் பந்தை எடுத்து வைத்துவிட்டுத் துணிப்பந்தில் ஆரம்பித்தாள். அப்புறம் அதையே தண்ணீரில் நனைத்துப் போட்டாள், அப்புறம் ரப்பர் பந்து. ஒவ்வொரு பந்திலும் சிவப்பு மையால் ஓர் எண்ணை எழுதி, பிடிப்பதற்கு முன் அதை உரக்கச் சொல்ல வேண்டும் என்றாள். எண்ணைச் சொல்லக் கண் திறந்திருக்க வேண்டுமே.

மூன்று வாரத்தில் மற்றவர்களுக்குப் பயம் தெளிந்தது. சுந்தராம்பாளுக்கு மட்டும் தெளியவில்லை. டீச்சர் தாயாரை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

"பந்தப் பாத்துப் பயப்படலைங்க. நான் கையத் தூக்குனாலே கண்ண மூடிக்கிறா. வீட்டுல யாராவது அடிப்பாங்களா?"

"அவ சின்னப் புள்ளையிலேருந்தே பயந்த சுபாவம் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே கலியம்மாள் முந்தானையை முழங்கைக்கு இழுத்துவிட்டாள். டீச்சர் முழங்கையைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. எண் எழுதிய துணிப்பந்துகள் நாலைந்தை எடுத்துக் கொடுத்து, "நீங்களே போட்டுப் பழக்குங்க. நீங்க போட்டா பயப்பட மாட்டா" என்று அனுப்பிவைத்தாள்.

சின்னதுரை தோப்புக்குப் போன பிறகு, கொல்லையில் முருங்கை மரத்தடியில் தாயும் மகளும் பந்து போட்டார்கள். முதலில் ஒரு முழத் தூரத்திலிருந்து, கையில் வைப்பதுபோலத்தான் போட்டாள் கலியம்மாள். நாளாக நாளாகத் தூரம் கூடியது. "ஏழு", "மூணு" என்று பெண் எண்ணைச் சொல்லிக்கொண்டு பிடிக்கத் தொடங்கினாள். ஒருநாள், இப்போது நீ பிடி என்று தாயின் பக்கம் எறிந்தாள். கலியம்மாளுக்கு முப்பத்தைந்து வயது. அவள் பிடித்துக்கொள்ள வேண்டுமென்று யாரும் எதையும் எறிந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டாள், பந்து மார்பில் பட்டு உருண்டது.

"கண்ணத் தொறம்மா. எங்க வருதுன்னு தெரிஞ்சிட்டா பயம் இருக்காது."

இருவரும் சிரித்தார்கள். அந்தக் கொல்லையில் கலியம்மாள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. மாசி பிறப்பதற்குள் சுந்தராம்பாள் நிஜப்பந்தைப் பிடித்தாள். பெரம்பலூரில் நடக்கவிருந்த போட்டிக்கு அவள் பெயரையும் டீச்சர் எழுதிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சோற்றில் கல் கிடந்தது.

மறுநாளே நாத்தனார் குஞ்சம்மாள் வந்தாள். அப்பன் கோபத்தில் எறிந்தால் பெண்பிள்ளை ஒதுங்கிக்கொள்ள வேண்டும், எதிர்த்துக் கை நீட்டியவளை எந்த வீட்டில் எடுப்பார்கள் என்று கேட்டாள். தண்ணீர்க் குழாயடியிலும் அதே பேச்சு. எறிந்ததைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பிடித்ததைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் இரண்டு பேருக்கு முன்பல் இல்லை.

டீச்சர் வீடு தேடி வந்தாள். சின்னதுரை மரியாதையாக நாற்காலி போட்டுக் காப்பி கொடுக்கச் சொன்னார். விக்கிரமங்கலத்தில் நல்ல இடம், ஆவணியில் கல்யாணம் என்றார். பதினெட்டு வயதுக்கு முன்னால் செய்வது சட்டப்படி தப்பு என்று டீச்சர் சொன்னதற்கு, "சட்டம் இந்தப் பக்கம் வந்தா அதுக்கும் ஒரு காப்பி குடுத்து அனுப்புறேங்க" என்று சிரித்தார். டீச்சர் கலியம்மாள் பக்கம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கள் என்றாள். கலியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காப்பி ஆறியது. டீச்சர் எழுந்து போனாள். பெரம்பலூருக்கு வேறொரு பெண் போனாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் குணம் எப்படி என்று கேட்டார்கள். "பயந்தவ" என்றாள் கலியம்மாள். மாப்பிள்ளையின் தாயார் திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. ஐப்பசி மழை விட்டதும் கலியம்மாள் முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி விக்கிரமங்கலத்துக்குப் போனாள். மகளின் இடது புருவத்தில் ஒரு வெட்டு ஆறிக்கொண்டிருந்தது. மாட்டுக் கொம்பு பட்டுவிட்டது என்றாள் சம்பந்தி. கலியம்மாள் கேட்டுக்கொண்டாள். அவளும் அந்தக் கொம்பைப் பலரிடம் சொன்னவள்தான். கிணற்றடியில் தனியாக இருந்தபோது மகளிடம் மெல்லக் கேட்டாள்.

"கையையாவது குறுக்க வச்சிருக்கலாமில்ல?"

"நீதானம்மா சொன்ன. போற எடத்துல கையத் தூக்காத, பேர் கெட்டுடும்னு."

குறையாகச் சொல்லவில்லை. படித்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னாள். கல்யாணத்தன்று காலையில், பெண்ணுக்குத் தலைபின்னிக்கொண்டே, அழுதுகொண்டே சொன்னது கலியம்மாளுக்கு ஞாபகம் வந்தது. உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டாள். சுந்தராம்பாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

வீடு திரும்பியதும் புருஷனுக்குச் சோறு போட்டாள். பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். கலியம்மாள் புருவத்து வெட்டைச் சொன்னாள். அது கொம்பு பட்டதல்ல என்பதையும் சொன்னாள்.

சின்னதுரை சோற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எம் பொண்ணு மேல கை வைக்க அவன் யாரு? பதினஞ்சு வருசம் வளத்தேன். ஒரு நாள், ஒரு அடி அடிச்சிருப்பனா?"

அது உண்மைதான். மகளை அவர் தொட்டு அடித்ததில்லை. அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அந்த அழுகையும் பொய்யில்லை என்று கலியம்மாளுக்குத் தெரிந்தது. கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கப்பாவும் என்னைய ஒரு அடி அடிச்சதில்லைங்க."

அவர் அவளை, என்ன சொல்கிறாள் என்று விளங்காதவர்போலப் பார்த்தார். பிறகு தட்டுப் பக்கம் குனிந்தார்.

"மோரு ஊத்து" என்றார்.

ஊற்றினாள்.