எண்ணிக்கையில் வராத நண்டு

ஞாயிறு மதியம் தாராவியில் சலாவுதீனின் வீடியோ கேம் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைக்காரர் சலாவுதீன் மேஜைக்குப் பின்னால் ஸ்டூலில். தோல் பை பட்டறையில் வேலை செய்யும் அஸாருதீன் டிவிக்கு நேர் எதிரே, பெஞ்சின் இடது ஓரத்தில். அந்த இடத்தில் வேறு யாரும் உட்காருவதில்லை. அதே பெஞ்சின் மறு ஓரத்தில் அவன் தங்கை சஃபீனா. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தவன் காலித். வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் நான், ஜோன்ஸ். மாட்டுங்காவில் ஒரு கம்பெனியின் தபால் பிரிவில் இருக்கிறேன். யாருக்காவது கடிதம் எழுத வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள்.

விஷயம், 'செவன் கேட்ஸ்' என்ற சண்டை விளையாட்டின் இரண்டாம் பாகம். முதல் பாகம்தான் இந்தக் கடையில் வருடக்கணக்காக ஓடுகிறது. புதியதில் மழை பெய்யும் மைதானம் இருக்கும் என்று காலித் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பழைய மெஷினில் அது ஓடுமா என்பது சலாவுதீனின் கவலை. அஸாருக்குக் கவலை ஒன்றுதான்: நண்டு வருவானா?

நண்டு என்பது நாங்கள் வைத்த பெயர். பதுங்கிப் பக்கவாட்டில் நகரும் வீரன் அவன். மற்ற வீரர்களை ஆட வலது கட்டைவிரல் நான்கு பட்டன்களிலும் ஓட வேண்டும். நண்டுக்கு ஒரே பட்டன் போதும். மீதியெல்லாம் இடது கையின் வேலை. பட்டறையின் பிரஸ் மெஷினில் மாட்டியதிலிருந்து அஸாரின் வலது கட்டைவிரல் மடங்குவதில்லை. அந்த ஒரு பட்டனை ஆள்காட்டி விரலால் அடிப்பான். செம்பூரிலிருந்தும் அணுசக்தி நகரிலிருந்தும் பையன்கள் வந்து அவனிடம் தோற்றுப் போவார்கள்.

சஃபீனா போனில் இருந்த கம்பெனி அறிவிப்பைப் படித்து அர்த்தம் சொன்னாள். இணையத்தில் ஆடப்பட்ட ஆட்டங்களை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மிகக் குறைவாக ஆடப்பட்ட வீரர்கள் இரண்டாம் பாகத்தில் வரமாட்டார்கள். பட்டியலின் கடைசியில் நண்டு. முடிவு செய்வதற்கு முன் ரசிகர்கள் கருத்தை எழுதலாம்.

காலித்தால் நம்ப முடியவில்லை. இந்தக் கடையில் பாதி ஆட்டம் நண்டுதான் என்றான்.

“இந்த மெஷின்ல நெட்டு இருக்கா மாமா?” என்று சஃபீனா கேட்டாள்.

சலாவுதீன் காலித்தைப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு செய்தி வந்தது: அடுத்த அப்டேட்டில் நண்டின் கொடுக்குக் கையைக் குட்டையாக்கப் போகிறார்கள். அது இறங்கக் கூடாது என்று அன்றே காலித் நெட் வயரைப் பிடுங்கிவிட்டான். கடையே கை தட்டியது. அதன் பிறகு இங்கே நடந்த ஆட்டம் ஒன்றுகூட கம்பெனியின் கணக்கில் ஏறவில்லை.

“வயரப் புடுங்குனது நாம. இப்ப ஏம்ல எங்கள எண்ணலன்னு கம்பெனிக்காரன்ட்ட போய் கேக்கணுமாக்கும்” என்றாள் சஃபீனா.

இணையத்தில் கருத்து எழுத முடியவில்லை. கடைக் கணக்கின் பாஸ்வேர்டு சலாவுதீனுக்கு மறந்து போயிருந்தது. கேம் டப்பாவின் பின்புறம் கம்பெனியின் வெளிநாட்டு விலாசம் இருந்தது. தபாலில் அனுப்பலாம் என்று முடிவானது.

தாராவியில் பத்தாயிரம் பேர் நண்டு ஆடுவதாக எழுதச் சொன்னான் காலித். நிரூபிக்கச் சொன்னால் காட்ட வழியில்லை என்று மறுத்தேன். அஸாரின் விரலைப் பற்றி எழுதினால் மனம் இரங்குவார்கள் என்றார் சலாவுதீன்.

“விரலப் பத்தி ஒரு வரி இருந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன், அண்ணே” என்று அஸார் என்னிடம் சொன்னான். “நண்டு எப்படி ஆடுவான்னு எழுதுங்க. அது போதும்.”

“எந்த நண்டு?” என்றாள் சஃபீனா. “அவங்ககிட்ட இருக்கது கை குட்டையான நண்டு. நீ அத ஒரு நாளாவது ஆடிருக்கியா? அதத்தானே அடுத்ததுலயும் விடுவாங்க.”

பிறகு அஸார் நெட் வயரை மறுபடியும் மெஷினில் குத்தச் சொன்னான். குத்தினால் பழைய நண்டு திரும்பி வராது, யோசித்துக்கொள் என்று காலித் தடுத்துப் பார்த்தான். அஸார் எழுந்து தானே குத்தினான்.

அப்டேட் மெதுவாக இறங்கியது. சலாவுதீன் பள்ளிவாசலில் மாலை நேர அஸர் தொழுகை முடித்து வந்தபோதுதான் முடிந்தது. முதல் ஆட்டம் காலித்தோடு. பழகிய தூரத்தில் நின்று அஸார் வீசிய கொடுக்கு எதிராளிக்கு எட்டவில்லை. தோற்றான். மறுபடியும் தோற்றான். இதுவரை அவனை ஜெயித்தறியாத காலித் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு டீ சொல்லப் போனான்.

“மூணு வருசமா நீ ஆடுனது நண்டு இல்லல, நீளக் கை” என்றாள் தங்கை.

அவன் சிரிக்கவில்லை. மெஷினில் கடைக் கணக்கு திறந்தே இருந்ததால், இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு ஆடினான். அரை அடி நெருங்கி நின்று, எதிராளி கை ஓங்கும்வரை காத்திருந்து, பிறகு அடிக்கப் பழகினான். விளக்குப் போடும் நேரம் வரை தோற்றது நிறைய, ஜெயித்தது கொஞ்சம். இரண்டையும் கடிதத்தில் எழுதச் சொன்னான்.

என் வழக்கப்படி முதலில் தமிழில் வரிசையாக எழுதினேன். ஒன்று, வயரைப் பிடுங்கியது நாங்கள். இரண்டு, அதனால் எங்கள் ஆட்டங்கள் உங்கள் எண்ணிக்கையில் இல்லை. மூன்று, இன்று குட்டைக் கையோடு ஆடிப் பார்த்ததன் விவரம். நான்காவதாக என்ன கேட்பது என்றேன்.

“கை எவ்வளவு குட்டையா வேணாலும் இருக்கட்டும். ஒரே பட்டன்ல ஆடுறத மட்டும் மாத்த வேண்டாம்னு எழுதுங்கண்ணே” என்றான் அஸார்.

“ஏன்னு கேப்பாங்களே?”

“கேட்டா அப்பப் பாத்துக்கலாம்.”

காரணத்தை எழுதவில்லை. சஃபீனா இங்கிலீஷில் மாற்றிச் சொல்லச் சொல்ல, நல்ல தாளில் எழுதினேன். காலித் இந்தியில் கையெழுத்துப் போட்டான். தமிழில் அவனுக்குப் பெயர் எழுத வராது. கடைசியாக அஸார் பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு மெதுவாகப் போட்டான்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகும் வழியில் மாட்டுங்கா போஸ்ட் ஆபீஸில் வரிசையில் நின்றேன். உள்ளே என்ன என்று கவுண்டரில் இருந்த அம்மா மராத்தியில் கேட்டார். காகிதம் மட்டும்தான் என்றேன். அவர் எதிரிலேயே உறையின் வாயில் பசை தடவி, விரலால் இருமுறை அழுத்தி ஒட்டினேன். எடை பார்த்து, முத்திரை குத்தி, பின்னால் இருந்த வெளிநாட்டுத் தபால் சாக்கில் போட்டார்.