794083ஐ வகுக்கும் எண்

மார்ச் 11, செவ்வாய். பகா எண் பட்டியலில் 773க்கு அடுத்து 797 என்று எழுதிவிட்டேன். நடுவே 787 இருக்கிறது. சிறிய தவறுதான்.

மருத்துவமனை நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து டைரியில் எழுதியவள், கடைசி இரண்டு சொற்களையும் கோடு போட்டு அடித்தாள்.

உள்ளே அவள் அண்ணன் படுத்திருந்தான். பஸ் பணிமனை மெக்கானிக். சேர்த்த அன்று அவன் மணிக்கட்டில் கட்டிய பட்டையில் 794083 என்று இருந்தது. அப்போது அவளுடைய கணக்கு வகுப்பில் பகா எண்கள் நடந்துகொண்டிருந்தன: ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்கள். "உன் நம்பர் அப்படியான்னு பாரேன்" என்று வாய் சும்மா இராமல் சொல்லிவைத்தாள். அண்ணன் பிடித்துக்கொண்டான்.

அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 891 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். பட்டியலை அவள்தான் எழுதிக் கொடுத்தாள். வலி அடங்கிய நேரங்களில் நாளைக்கு மூன்று, நான்கு வகுத்தல். கால்குலேட்டரை நீட்டினால், "அது அழுகுணி ஆட்டம்" என்பான். இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் ஆறு வாரம் இப்படிப் போயிற்று.

நேற்று கடைசி எண்ணான 887ம் மீதி விட்டது. "யாராலயும் உடைக்க முடியாத ஆளு நான்" என்று வந்த நர்ஸிடமெல்லாம் சொன்னான். அந்த முகத்தை அவள் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இன்று வகுப்பில் அச்சடித்த பட்டியல் கொடுத்தார்கள். அதில் 887 நூற்று ஐம்பத்து நான்காவது எண். அவள் பட்டியலில் நூற்று ஐம்பத்து மூன்றாவது. விடுபட்டதைக் கண்டுபிடித்து பஸ்ஸிலேயே வகுத்தாள். 787 பெருக்கல் 1009. மீதி இல்லை.

சொல்லாமல் விட்டால்தான் என்ன? அவன் ஜெயித்தவனாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே. ஆனால் வகுத்ததெல்லாம் அவன். பொய் மட்டும் அவளுடையதாக இருக்கும்.

"என்ன கணக்குப்புலி, மூஞ்சி தொங்குது? பரீட்சையில முட்டையா?" என்றான் அண்ணன், அவள் உள்ளே நுழைந்ததும்.

அவள் தாளை நீட்டினாள். "ஒண்ண விட்டுட்டேன்ணா."

பென்சிலை வாங்கி அவனே வகுக்கத் தொடங்கினான். இரண்டாம் வரியில் விரல் நழுவியது. மிச்சத்தை அவள் போட்டாள். கடைசியில் பூஜ்யம் வந்தது.

"ஆறு வாரம்டி" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டு நின்றாள்.

"அந்த ஆயிரத்து ஒம்பது... அதுவும் உடையுமா?"

"பார்க்கலண்ணா."

"பார்த்துட்டு வா. எனக்கு இனிமே பென்சில் நிக்காது."

வீட்டுக்கு வந்தவள், பெஞ்சில் எழுதியதன் கீழே எழுதவில்லை. புதுப் பக்கம் எடுத்தாள்.

நாளை: 1009ஐ 2 முதல் 31 வரை உள்ள பதினொரு பகா எண்களால் வகுக்க வேண்டும். பார்வையாளர் நேரம் நான்கு மணி.