ஐந்தாம் நாள் சொன்னது

ஆர்வின் பாட்டிஸ்டின் பெயர் தொலைக்காட்சியில் வரவே இல்லை. அமெரிக்க ஃபுட்பால் அணிகளெல்லாம் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுக்கும் டிராஃப்ட் மூன்று நாள் நடக்கும். ஏழு சுற்று, இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். மூன்று நாளும் அவன் அப்பா லூயிசியானாவில் தன் வீட்டு முற்றத்தில் பெரிய அண்டா வைத்து, இறால் மாதிரியான கிராஃபிஷ் வேகவைத்துக்கொண்டே இருந்தார். சர்க்கரை ஆலையில் கூட வேலை செய்பவர்கள், சர்ச் ஆட்கள், சொந்தபந்தம் என்று நாற்பது பேர். சனிக்கிழமை கடைசிப் பெயரும் வாசித்து முடிந்தபோது, முதலில் எழுந்து போகிறவராக இருக்க யாருக்கும் துணிவில்லை. தின்று போட்ட ஓடுகள் மேசையில் குவிந்து கிடந்தன.

"டிவியில எல்லாப் பேரையும் போடுறாங்களா என்ன? ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கும்" என்றாள் அத்தை ஒருத்தி.

ஆர்வின் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். அங்கே இருக்கும்போதுதான் போன் வந்தது. வடக்கே ஒரு அணி. டிராஃப்டில் எடுக்கவில்லை, ஆனால் பயிற்சி முகாமுக்கு வரலாம் என்றார்கள்.

அப்பா தோளில் ஒரு தட்டு தட்டினார். "வாசல் வழியாப் போனா என்ன, ஜன்னல் வழியாப் போனா என்ன? உள்ள போயிட்டா எல்லாரும் ஒண்ணுதான். போடா."

முகாமில் தொண்ணூறு பேர். ஆகஸ்ட் கடைசியில் ஐம்பத்துமூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். ஆர்வினும் அவன் அறைத்தோழன் ரோஸ்கோ டில்லார்டும் ஆடியது ஒரே இடத்தில்: தற்காப்பு வரிசையில் எல்லோருக்கும் பின்னால் நின்று, மற்றவர்களைத் தாண்டி வருபவனை இழுத்துத் தள்ளும் கடைசி ஆள். இருவருமே டிராஃப்டில் பெயர் வராதவர்கள். அப்படிப்பட்ட இரண்டு பேருக்கு இடம் கிடைப்பது குதிரைக்குக் கொம்பு முளைக்கிற கதைதான். இருந்தும் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

ரோஸ்கோ ஜார்ஜியாக்காரன். வாய் ஓயாது.

"மச்சான், கோச் இன்னிக்கு உன்னை என்னன்னு கூப்பிட்டாரு?"

"நாப்பத்தேழுன்னாரு."

"பார்றா! நம்பர் சொல்லிக் கூப்பிட்டாரா! என்னை இன்னும் 'ஏய்'தான். முன்னேறிட்டடா நீ. பெரிய ஆளானதும் என்னை மறந்துடாத."

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமைக் காலைப் பயிற்சியில், பந்தோடு ஓடிவந்தவனைப் பிடிக்கக் குனிந்த ரோஸ்கோவின் தலையில் அந்த ஆளின் முழங்கால் மோதியது. ரோஸ்கோ உடனே எழுந்தான். எழுந்தவன் நேராக எதிர்ப்பக்கத்து ஆட்கள் கூடி நின்ற வட்டத்துக்குள் போய் நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கோமாளித்தனம் பண்ணுகிறான் என்று ஆர்வின்கூட நினைத்தான்.

மத்தியானம் அறையில் ரோஸ்கோ இரண்டு முறை வாந்தியெடுத்தான். திரைச்சீலையை இழுத்துவிடச் சொன்னான்.

"டாக்டர்கிட்டப் போலாம் வா" என்றான் ஆர்வின்.

"போனா அவ்வளவுதான். மூட்டை கட்டி அனுப்பிடுவாங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும். யார்கிட்டயும் மூச்சு விடாத. உங்கம்மா மேல சத்தியம் பண்ணு."

ஆர்வின் சத்தியம் செய்தான்.

ஆட்டமுறைகளைப் படித்து மனப்பாடம் செய்ய ஆளுக்கொரு டேப்லெட் கணினி கொடுத்திருந்தார்கள். ரோஸ்கோவுக்கு எழுத்துகள் நீந்தின. அதனால் தினமும் பயிற்சி இடைவேளையில் ஆர்வின் வாசித்துக் காட்டினான். கண்ணை மூடிப் படுத்தபடி ரோஸ்கோ திருப்பிச் சொன்னான். புதன், வியாழன், வெள்ளி. வெள்ளிக்கிழமை அவனுக்கு ஷூ நாடாவைக் கட்ட வரவில்லை. ஆர்வின்தான் குனிந்து கட்டிவிட்டான். அப்போதும் சொல்லவில்லை.

சனிக்கிழமை, முதல் ஆட்டத்துக்கான பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். பந்தை உதைத்ததும் துரத்திக்கொண்டு ஓடும் பதினொருவர் குழு; டிராஃப்டில் வராதவன் அணியில் இடம் பிடிப்பதற்கு அதுதான் ஒரே வழி. அதில் ரோஸ்கோ டில்லார்டின் பெயர் இருந்தது. ஆர்வினின் பெயர் இல்லை.

"நாப்பத்தேழு, நீ ஓரமா நின்னு பார்த்துக்கோ" என்றார் கோச் ஸ்ட்ராட்மன், அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

ஆர்வின் ஷூவில் ஒட்டிய புல்லோடு நேரே சிகிச்சை அறைக்குப் போனான். அங்கே பென்னிங் என்ற அம்மாள் ஒருவனுடைய கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், என் ரூம்மேட்டுக்கு உடம்பு சரியில்ல. தலையில அடிபட்டிருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

குரலில் கவலை தானாகவே வந்து சேர்ந்தது. அது பின்னாளில் அவனை ரொம்பச் சுட்டது.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டாள் அவள்.

"இன்னிக்குத்தான் கவனிச்சேன்" என்றான் ஆர்வின்.

அரைமணியில் ரோஸ்கோவை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. அன்றே அறுவை சிகிச்சை. இன்னொரு அடி பட்டிருந்தால் பெட்டியில்தான் ஊருக்குப் போயிருப்பான் என்றார் மருத்துவர். பிழைத்துக்கொண்டான். ஆனால் இனி ஆடமுடியாது. அந்த வாரம் நடந்த எதுவும் அவன் நினைவில் இல்லை.

காலியான இடம் ஆர்வினுக்கு வந்தது.

இடம் வந்தது மட்டுமென்றால் ஆர்வின் விழுங்கியிருப்பான். புகழும் சேர்ந்து வந்தது. நண்பன் உயிரைக் காப்பாற்றியவன் என்று செய்தித்தாளில் எழுதினார்கள். ஆண்டு முடிவில் அணி அவனுக்குச் சிறந்த தோழன் என்று கேடயம் கொடுத்தது. ரோஸ்கோ மருத்துவமனையில் இருந்தபோதே அவன் அம்மா வெர்லீன் போன் செய்து அழுதாள்.

"என் வயித்துல பொறக்காத புள்ளடா நீ. எங்க வீட்டுக்கு வா. உனக்கு என் கையால ஒரு வாய் சோறு போடணும்."

"வர்றேம்மா" என்றான். போகவில்லை. ரோஸ்கோவோடு போனில் பேசுவதோடு சரி.

ஐந்து வருஷம் ஆடினான். மூன்று அணி, நாற்பத்தோரு ஆட்டம். நான்கு முறை வெளியே அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் காலையில் ஒரு ஆள் வந்து நின்று, "கோச் கூப்பிடுறாரு, டேப்லெட்டை எடுத்துட்டு வா" என்பான். மறுபடி எங்கிருந்தாவது அழைப்பு வரும், போவான். ஒரு டிசம்பரில், கொட்டும் பனியில், எதிரணி வீசிய பந்தைப் பாய்ந்து பிடித்தான். அவன் வாழ்நாளில் பிடித்தது அந்த ஒன்றுதான். ஊருக்குப் போனபோது அப்பா அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார். பந்தை மார்போடு அணைத்து அவன் பனியில் கிடக்கிறான். வர்ணனையாளர் ஆட்டத்தை விட்டுவிட்டு ரோஸ்கோவின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அணைச்சுடுப்பா" என்றான் ஆர்வின்.

"ஏன்டா, நல்லாத்தானே சொல்றான்?"

"அணைச்சுடுன்னா அணைச்சுடேன்."

இருபத்தெட்டாம் வயதில் முழங்கால் போனது. அதற்குப் பிறகு யாரும் அழைக்கவில்லை. வெர்லீன் மட்டும் வருஷா வருஷம்போல அழைத்தாள். "எங்க சர்ச்சோட ஆண்டு விழா. இந்தத் தடவை என்ன சாக்குச் சொல்லப்போற?"

சொல்வதற்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. காரை எடுத்துக்கொண்டு ஜார்ஜியா போனான்.

ரோஸ்கோ கனத்திருந்தான். பேச்சும் நிதானப்பட்டிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைத்தான். மாமாவோடு சேர்ந்து புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறானாம்.

"நொண்டிக்கிட்டு வர்றியேடா மச்சான்" என்று கட்டிக்கொண்டான். "ரெண்டு பேரையும் சேர்த்தாத்தான் ஒரு முழு ஆளு தேறும்போல."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் பாஸ்டர் ஆர்வினை எழுந்து நிற்கச் சொன்னார். நம்ம ரோஸ்கோவைக் காப்பாற்றக் கடவுள் அனுப்பிய கை இதுதான் என்றார். சர்ச்சே எழுந்து கைதட்டியது. வெர்லீன் வெள்ளைத் தொப்பியோடு முன்வரிசையில் இரு கையும் தூக்கி நின்றாள். "ஒரு வார்த்தை பேசுப்பா" என்று பாஸ்டர் மைக்கை நீட்டினார்.

நன்றி சொல்லிவிட்டு உட்காரத்தான் ஆர்வின் எழுந்தான். வாயில் வந்தது வேறு.

"எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்" என்றான். "சொன்னது சனிக்கிழமை. நாலு நாள் அவன் பட்ட பாட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அவன் பேரு பட்டியல்ல வந்துச்சு, என் பேரு வரல. அதனாலதான் போய்ச் சொன்னேன். அவனுக்காகச் சொல்லல. எப்போலேர்ந்துன்னு கேட்டாங்க. இன்னிக்குத்தான்னு பொய் சொன்னேன்."

மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பெஞ்சின்மேல் வைத்தான். பாஸ்டர் தொண்டையைச் செருமி, ஜெபிப்போம் என்றார். தலைகள் குனிந்தன. வெர்லீனின் கைகள் எப்போது இறங்கின என்பதை அவன் பார்க்கவில்லை.

பின்கூடத்தில் விருந்து. ஆர்வின் உட்கார்ந்த மேசையில் இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. எழுந்து காருக்குப் போய்விடலாம் என்று அவன் நினைத்த நேரம் ரோஸ்கோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சொல்லக் கூடாதுன்னு நான்தான் கேட்டிருப்பேன். இல்லையா?"

"சத்தியம் வாங்கின."

"அப்ப நானும் ஒரு மடையன்தான்." நாற்காலியை ஆர்வின் பக்கம் திருப்பிக்கொண்டான். "ஆனா ஒண்ணு. இதை என்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம்டா. அஞ்சு வருஷம் போன்ல பேசினோம். இத்தனை பேர் முன்னாடிதான் சொல்லணுமா? எங்கம்மா முகத்தைப் பார்த்தியா?"

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று ஆர்வின் எண்ணியிருந்தான். இப்போது அதற்காகவும் சேர்த்து வெட்கப்பட வேண்டியிருந்தது.

வெர்லீன் தட்டோடு வந்தாள். பொரித்த கோழி, கீரை, சோளரொட்டி. அவன் முன்னால் வைத்தாள். உட்காரவில்லை.

"நாலு நாளா?"

"ஆமாம்மா."

"பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு?"

"ஆமாம்மா."

"சோறு போடுறேன்னு சொன்னேன், போட்டுட்டேன். சாப்பிட்டுட்டுக் கிளம்பு."

அவன் சாப்பிட்டான். தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

ஊர் திரும்பிப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு மத்தியானம், வெர்லீனே போன் செய்தாள். அப்பா வேலை செய்யும் சர்க்கரை ஆலையிலேயே ஆர்வின் வேலைக்குச் சேர்ந்திருந்தான். எடைமேடைப் பக்கம் ஒதுங்கிப் போய் எடுத்தான். நலமா என்றுகூட அவள் கேட்கவில்லை.

"அந்த வாரத்தைப் பத்தி என் புள்ளைக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. பார்த்தவன் நீ ஒருத்தன்தான். அவன் என்ன சாப்பிட்டான், என்ன பேசினான், வலிக்குதுன்னு அழுதானா, என்னைக் கேட்டானா, எல்லாம் எனக்குத் தெரியணும். ஒண்ணு விடாமச் சொல்லு."

"எல்லாத்தையுமா, அம்மா?"

"எல்லாத்தையும்தான். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து ஆரம்பி."

கரும்பு லாரிகள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தன. ஆர்வின் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமைக் காலையிலிருந்து சொல்லத் தொடங்கினான்.