ஏழாம் எண் மாதிரி

லேபிள் அக்காவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? கட்டிய புருஷன் இன்னொருத்தி வறுத்த காப்பியைப் பற்றி உருகி உருகி எழுதுவாராம். அதை இவள் உட்கார்ந்து டைப் செய்து, இருநூறு பாக்கெட்டில் ஒட்ட வேண்டுமாம்.

அந்தக் காப்பிக் கம்பெனியில் அவள் புருஷன்தான் ருசி பார்ப்பவர். எல்லோரும் அவரை 'நாக்கு' என்றே கூப்பிடுவார்கள். தினமும் காலையில் எண் போட்ட கோப்பைகளை வரிசையாக வைப்பார்கள். கரண்டியால் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, கண்ணை மூடி யோசித்து, துப்பிவிட்டு எழுதுவார். வறுக்கிறவர்கள் மூன்று பேர். எந்த எண் யாருடையது என்பது லேபிள் அக்காவின் நோட்டில்தான் இருக்கும், அவருக்குத் தெரியாது. தெரியாமலே இந்தச் சில மாதமாக ஒவ்வொரு முறையும் புதிதாக வந்த வறுவல்காரியின் கோப்பையைத்தான் தூக்கி வைத்துப் பேசினார். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளிடமே போய் நிற்கிறாரே என்பதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை.

நேற்று எழுதியது இது: "வறுத்த பாதாம். பொன்னிறமாக உருகிய சர்க்கரை. கடைசியில் நாக்கில் தங்கும் வெண்ணெய் வாசம்."

மூன்று வரி. பத்தொன்பது வருஷமாக இவள் போட்டுக் கொடுக்கும் காப்பிக்கு அவர் சொன்னது ஒரே வார்த்தை, "நல்லாருக்கு." அதுவும் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். பாதாமாம், வெண்ணெயாம். வறுவல்காரியாவது திமிர் பிடித்தவளாக இருந்திருக்கலாம். பார்க்கும்போதெல்லாம் "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டுத் தொலைக்கிறாள். மனசாரத் திட்டக்கூட வழியில்லை.

கம்பெனியில் மிஞ்சும் பச்சைக் கொட்டையை இரும்புச் சட்டியில் இவளே வறுத்துத்தான் வீட்டுக் காப்பி போடுவாள். மறுநாள் அதில் இரண்டு கை அள்ளி ஒரு மாதிரிப் பையில் போட்டு, ஏழு என்று எழுதி, மற்ற ஆறு பைகளோடு வைத்துவிட்டாள். யாருடையது என்று தெரியாமல் குடிக்கட்டும். மூன்று வரிகூட வேண்டாம். ஒரே ஒரு பாதாம் கிடைத்தால் போதும்.

மதியம் தாள் அவள் மேஜைக்கு வந்தது. நேராக ஏழாம் எண்ணுக்குப் போனாள்.

"கடலைத்தோல் கருகிய நாற்றம். கொட்டையிலுள்ள சர்க்கரை உருகும் முன்பே எரிந்துவிட்டது. பாதிக் கொட்டை வேகவே இல்லை. தீ அதிகம். கிளறியது போதாது. வறுத்தவருக்கு அவசரம். கொட்டை நல்ல கொட்டை, கைதான் சரியில்லை. வேண்டாம்."

அவளுக்கு முகம் சுட்டது. இரண்டாம் முறை படித்தபோது வரிகளை எண்ணினாள். எட்டு. வறுவல்காரிக்கு மூன்றுதான். ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, இவ்வளவும் தெரிந்துகொண்டேதான் மனுஷன் பத்தொன்பது வருஷமாக "நல்லாருக்கு" என்று சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் அவர் முன்னால் டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவர் ஒரு வாய் குடித்தார்.

"நல்லாருக்கு."

"பொய் சொல்லாதீங்க. இன்னிக்கு ஏழாம் நம்பர் நான் வறுத்தது."

அவர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா..."

"நல்லாருக்குன்னு எழுதியிருப்பீங்க."

"உன் மனசு நோகுமேன்னுதான்."

"வறுவல்காரிக்குத் தப்புன்னா தப்புன்னே எழுதறீங்களே, அவ மனசு மட்டும் நோகாதா?"

"வந்த புதுசுல அவளுக்கும் கருகத்தான் செஞ்சுது. தாளை எடுத்துக்கிட்டு வந்து எங்க தப்புன்னு கேப்பா. சொல்லுவேன். இத்தனை வருஷத்துல நீ ஒரு நாள் கேட்டதுண்டா?"

கேட்டதில்லை. தருவாள், உள்ளே போய்விடுவாள். அது உண்மைதான் என்பதால் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, கேக்கறேன். சொல்லுங்க. ஆனா அவகிட்ட சொன்னதைவிட ஒரு வார்த்தை குறையக் கூடாது."