பதினேழாம் நம்பர் சென்ட்

“கைய நீட்டுப்பா.”

“மணி அஞ்சுகூட ஆவல. சென்ட் அடிச்சிக்கிட்டு உப்பு வாரப் போற ஆளு இந்த மரக்காணத்துலயே நான் ஒருத்தன்தான்.”

“ஆடாத. மணிக்கட்டுல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு, காலர்ல ஒண்ணு. அவ்ளோதான்.”

சந்தியா மூன்று முறை அழுத்திவிட்டு நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். பெரிய முதலியார்சாவடியில் சென்ட் தயாரிக்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. ஆம்பளைகளுக்கென்று புதிதாகக் கலந்த சென்ட்டுகளில் பதினேழாம் நம்பரை மேடம் அவளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். “ஏசி ரூம்ல எட்டு மணி நேரம் நிக்குது சந்தியா. வெயில்ல வேர்க்கிற உடம்புல எவ்வளவு நேரம் நிக்கும்னு பாத்து எழுதிட்டு வா.”

வெயிலில் வேர்ப்பதற்கு உப்பளத்துக்காரனை விட்டால் வேறு யார்?

“டேய் மாயவா, மாப்ள கிளம்பியாச்சா?” தெருவில் சைக்கிளை நிறுத்திவிட்டு, கூட உப்பளத்தில் வேலை பார்க்கிற கன்னியப்பன் கத்தினார்.

“வர்றேன்டா.”

“பொண்ணு பாக்கப் போறியா, உப்பு வாரப் போறியா? தையல்நாயகி, உன் வூட்டுக்காரன உட்டுப்புட்டு அப்புறம் அழாத.”

“இழுத்துக்கிட்டு ஓட எவ வருவா? வந்தா ஒரு கும்புடு போட்டு அனுப்பி வெச்சிடுறேன்,” என்றாள் தையல்நாயகி. டீயைக் கணவனிடம் கொடுத்துவிட்டு மகளிடம் கேட்டாள்: “இன்னாடி வாசனை அது?”

“இப்ப வர்றது ஸ்பிரிட்டும் எலுமிச்சத் தோலும். கால் மணி நேரத்துல அது ஓடிடும். அப்புறம் கிராம்பு. கடைசியில வெட்டிவேர்.”

தையல்நாயகி கணவனின் கழுத்தருகே குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கொரோனாவில் போன மூக்கு அவளுக்குத் திரும்பவே இல்லை. பால் தீய்ந்தாலும் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்ல வேண்டும்.

மூக்கு இருந்தவரை அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மாயவன் சாயங்காலம் வாசற்படி ஏறியதும் “வாய ஊது” என்பாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாயவனின் தம்பி சிங்காரம் கள்ளச்சாராயம் குடித்துச் செத்தான். சாவதற்கு முன் “எல்லாம் வெள்ளையா தெரியுது, உப்புப் பாத்தி மாதிரி” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தம்பியை எரித்துவிட்டு வந்த அன்று மாயவன் மகள் தலையில் கை வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

“திரும்பத் தொட்டா இரும்பை ஊருல இருக்கிற எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்,” என்றாள் தையல்நாயகி. அவள் சொன்னால் செய்கிறவள்.

மூக்குப் போனபிறகு ஊதச் சொல்லி மோந்து பார்க்கும் வேலை மகளுக்கு வந்தது. “வண்டிய நிறுத்துற போலீசு மாதிரி பண்றாங்கய்யா ஆத்தாளும் மவளும்,” என்று மாயவன் அலுத்துக்கொள்வார். ஆனாலும் ஊதுவார்.

ஐந்து நாள் நோட்டில் ஒரே மாதிரிதான் எழுதினாள். காலை ஒன்பது மணிக்குக் கன்னியப்பன் மோந்து பார்த்துப் போனில் சொல்வது: கிராம்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு அவளே பார்ப்பது: மணிக்கட்டில் ஒன்றுமில்லை, உப்புத் தண்ணி தின்றுவிட்டது. கழுத்தில் வேர்வை. காலரில் மட்டும் லேசாக வெட்டிவேர்.

ஆறாம் நாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது மாயவன் கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். சந்தியா கழுத்தருகே குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

எலுமிச்சத் தோல்.

“காலையில அடிச்சது ஆறு மணிக்கு எப்பிடிப்பா எலுமிச்சயா இருக்கும்?”

“நல்ல சென்டு. நிக்குது.”

“நிக்காது. கால் மணி நேரத்துக்கு மேல எந்த உடம்புலயும் நிக்காது. என் பையில இருந்து பாட்டில எடுத்துனு போனியா?”

மாயவன் மடியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார்.

“ஊது.”

“சந்தியா…”

“ஊதுப்பா.”

ஊதினார். எலுமிச்சைக்குக் கீழே இருந்தது வேறு ஸ்பிரிட். அவளுக்கு அது தெரியும். சித்தப்பா வீட்டில் சின்ன வயதிலிருந்து மோந்த வாசனை.

“ஒரே ஒரு கிளாஸ் கண்ணு. இடுப்பு ரெண்டா பிளந்துக்கிச்சு. நாலு நாளா குனிய முடியல. கடை சரக்குதான், சீல் ஒடச்சி குடிச்சேன். நான் என்ன சிங்காரமா, கண்டதக் குடிக்க?”

“நெஜமா கடை சரக்கா?”

“உன் மேல சத்தியமா.”

“ஏற்கெனவே ஒண்ணு பண்ணியிருக்க.”

“உங்கம்மாகிட்ட சொல்லாத. நாளைக்கே பைய எடுத்துனு இரும்பை பஸ் ஏறிடுவா. இந்த ஒரு தடவ. கால்ல வேணா உழறேன்.”

“சீ, எழுந்திரு.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “இன்னாடி, சென்ட்டு நின்னுச்சா?”

“நிக்குதும்மா.”

“வாயி?”

சந்தியா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுத்தமா இருக்குதும்மா.”

மாயவன் சாப்பிடவில்லை. தலைவலி என்று சட்டையைக் கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டார். சந்தியா நோட்டை எடுத்து அன்றைய வரியை எழுதி முடித்துப் பையில் வைத்தாள்.

காலை ஐந்து மணி. டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. சந்தியா சென்ட் பாட்டிலோடு வந்து நின்றாள்.

“கைய நீட்டுப்பா.”

மாயவன் கையை நீட்டினார். அவள் நின்ற பக்கம் அல்ல, வேறு பக்கம்.

“இங்கப்பா.”

“பனியா? வெளியில இருக்கிற பனி உள்ள வந்துடுச்சா? எல்லாம் வெள்ளையா இருக்குது கண்ணு. பாத்தியில நிக்கிற மாதிரி…”

அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. தையல்நாயகி வாசற்படியில் நின்றாள்.

“இன்னா சொன்ன? இன்னா சொன்னய்யா நீ?”

கன்னியப்பன் ஆட்டோ பிடித்து வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வழியில் மூன்று முறை வாந்தி எடுத்த மாயவன் அப்புறம் பேசவில்லை, மூச்சு மட்டும் இரைத்தது.

“நேத்து குடிச்சாரா?” என்று கேட்டார் டாக்டர்.

“இல்லீங்க சார்,” தையல்நாயகி முந்திக்கொண்டாள். “மூணு வருஷமா தொடல. எம்பொண்ணு சென்ட்டு கம்பெனியில வாசனை பாக்குறவ. நேத்து மோந்து பாத்தா. சுத்தமா இருந்திச்சு. அவ மூக்கு தப்பாது சார். வேற ஏதோ காச்சலு, பாருங்க.”

“அம்மா, இது கள்ளச்சாராயக் கேஸ் மாதிரிதான் இருக்கு. எத்தனை மணிக்குக் குடிச்சார்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவும். யாருக்காவது தெரியுமா?”

சந்தியா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். சத்தமாகப் படித்தாள்.

“ஆறாம் நாள், சாயங்காலம் ஆறு மணி. கழுத்து: எலுமிச்சை. அஞ்சே முக்காலுக்கு மேல மறுபடி அடிச்சிருக்காங்க. கீழ சாராய வாடை. இந்த நாளைக் கணக்குல சேர்க்க வேணாம் மேடம்.”

டாக்டர் எழுதிக்கொண்டார்.

“அப்போ ஆறு மணிக்கு முன்னாடியே. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. நேத்து சாயங்காலமே கூட்டிட்டு வந்திருந்தா…” மேலே சொல்லாமல் நிறுத்தினார். “பாக்குறோம். கண்ணைப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது. முதல்ல உசுரு.”

கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் மாயவனின் சட்டையைச் சுருட்டிக் கொண்டுவந்து தையல்நாயகியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

“மேடத்துக்கு உண்மைய எழுதியிருக்க,” என்றாள் தையல்நாயகி.

“அம்மா, கடை சரக்குன்னு சொன்னாரும்மா. நீ போயிடுவேன்னு…”

“நான் போயிருந்தா அந்த ஆளுக்குக் கண்ணு இருந்திருக்கும்.”

தையல்நாயகி சட்டையை மூக்கில் வைத்து அழுத்தி இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு மகளிடம் நீட்டினாள்.

“இன்னா வாசனை வருதுன்னு சொல்லு.”

“வேணாம்மா.”

“சொல்லுடி.”

சந்தியா காலரை மோந்தாள்.

“வெட்டிவேர்.”

“அப்புறம்?”

“சாராயம்மா.”