பாகம் பிரித்த மந்தை

என் வீட்டுக்காரர் மாரிச்சாமிக்கு ஆட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரியும். அது மட்டும்தான் தெரியும் என்று நான் சொன்னால் அவருக்கு இன்றைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அறுபத்தெட்டாம் வருஷம் அவரும் அவருடைய அண்ணன் ஆண்டிச்சாமியும் செம்மறி மந்தையைப் பாகம் பிரித்தார்கள். உனக்கொன்று எனக்கொன்று என்று மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். இவர் ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பார்த்து இளம் ஆடுகளாகப் பொறுக்கினார். கடைசியில் பல் கொட்டிய கிழட்டு ஆடு ஒன்று நின்றது. அதை அண்ணன் பக்கம் தள்ளிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். அதில் வந்த வாய்ச்சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

மறு கோடையில் திருச்சுழிப் பக்கம் புல் என்பதே இல்லை. வருஷா வருஷம் போகிறபடி, அறுப்பு முடிந்த வயல்களைத் தேடி தாமிரபரணிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனோம். ஆடுகள் ஒட்டிய வயிற்றோடு நடந்தன. கடைசியாக ஒரு வாய்க்கால். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். அக்கரையில் தீவனம் கிடக்கிறது.

ஒரு ஆடும் இறங்கவில்லை. அதட்டினோம், தள்ளினோம். இவர் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் விட்டார். அவை இவருக்கு முன்னாலேயே தண்ணீரில் பாய்ந்து மந்தைக்குத் திரும்பிவிட்டன. தண்ணீருக்குப் பயமில்லை, தனியாக நிற்கத்தான் பயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் முதலில் இறங்கியது அந்தக் கிழட்டு ஆடு. மற்றவை அதன் பின்னால் போனவைதான்.

பாலம் வழியாகச் சுற்றிப் போக இன்னும் ஒரு பகல் நடக்க வேண்டும். இங்கேயே இரண்டு ஆடுகள் படுத்துவிட்டன. மந்தை போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. அண்ணன் தன் ஆடுகளை அடைத்திருந்த கிடை அக்கரையில்தான் இருந்தது. கூப்பிடுங்கள் என்றேன். செத்தாலும் கூப்பிட மாட்டேன் என்றார். வாயில் வந்தபடியெல்லாம் திட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே தண்ணீரில் இறங்கினேன்.

அதற்குள் எதிரே ஆண்டிச்சாமி அத்தான் வந்துகொண்டிருந்தார். கையில் கயிறு. கயிற்றில் அந்தக் கிழட்டு ஆடு.

இக்கரை ஏறி, கயிற்றை அவிழ்த்தார். அது ஒரு தடவை கத்தியது. எங்கள் ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கின. அது நிதானமாகத் திரும்பித் தண்ணீரில் இறங்கியது.

"ஏலே, நீ வெலகி நில்லு. அதுகளாப் போயிரும்," என்றார் தம்பியிடம். ஒரு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் இறங்கின. படுத்துக் கிடந்தவைகூடத் தள்ளாடி எழுந்தன. அவற்றை அத்தானே தூக்கிக்கொண்டார். அக்கரையில் இரண்டு மந்தையும் கலந்து ஒன்றாகிவிட்டன. அத்தானைக் கையெடுத்துக் கும்பிட்டேன். குலசாமியைக்கூட அப்படி மனசாரக் கும்பிட்டதில்லை.

பொழுது சாயும்போது கஞ்சிப் பானையைத் திறந்து அத்தானுக்கு முதலில் ஊற்றப் போனேன். அவர் சட்டியைத் தம்பி பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல அவனுக்கு ஊத்து, முத்துத்தாயி. காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒத்த ஆளா அதுகளோட மல்லுக்கட்டிக் களைச்சுப்போயிட்டான்."

என் வீட்டுக்காரர் சட்டியை வாங்கினார். குடிக்க முடியாமல் தேம்பித் தேம்பி அழுதார்.